அடுத்து வரும் எல்டருக்கு

ஜீப்னி என்கிற ஷேர் ஜீப்பிலிருந்து இறக்கிய முதல் கால் கணுக்கால் வரை சேற்றில் போயிற்று. எல்டர் தோர்ன்லி பலுகாவனுக்கு வந்து சேர்ந்த லட்சணம் அது. காலை உருவினால் கால் மட்டும் வந்தது, ஷூ வரவில்லை. பெட்டிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள்.

"ஹே ஜோ! ஆளுக்கு முன்னாடி ஷூவுக்கு ஞானஸ்நானமா?" என்று கடைக்கார மனா ஓப்பாய் கேட்டாள். சாமார் தீவில் வெள்ளைக்காரன் எவனாக இருந்தாலும் ஜோ. வயதில் மூத்தவள் மனா, மூத்தவன் மனோ. அதற்கு மேல் அங்கே யாரும் மரியாதையைத் தேடிக்கொண்டு அலைவதில்லை.

எல்டர் என்றால் மூத்தவர். ஆளுக்கு வயது பத்தொன்பது, சவரம் செய்ய வாரத்துக்கு ஒரு தடவை போதும். ஆனால் மார்மன் சபையில் ஊழியத்துக்கென்று டை கட்டிக் கிளம்பிவிட்டால் எல்லாப் பயலும் மூத்தவன்தான். ஐடஹோவில் உருளைக்கிழங்கு வயலுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை இவன். இரண்டு வருஷ ஊழியத்தில் எட்டு மாதம் ஓடிவிட்டது. இரண்டு ஊர் மாறியாயிற்று. ஒரு தலையைக்கூட இன்னும் தண்ணீரில் முக்கியபாடில்லை. அப்பா எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: உன் அண்ணன் கொரியாவில் எட்டாவது மாதம் ஒன்பது பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தான். அந்த வரி அவனுக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. சாப்பிடும்போதும் குத்தும், ஜெபிக்கும்போதும் குத்தும்.

ஊழியக்காரர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். ஒருவன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்துக்கு மற்றவன் போகக்கூடாது. தோர்ன்லிக்கு ஜோடியாக வாய்த்தவன் எல்டர் டும்லாவ். வடக்கே இலோக்கோஸ்காரன், இருபத்து மூன்று வயது. ஆள் குள்ளம், நாக்கு மட்டும் முழ நீளம்.

"வா எல்டர்," என்றான் டும்லாவ், வாடகை அறையின் கதவைத் திறந்து. "கட்டில் ஒண்ணுதான். அது எனக்கு. தரை உனக்கு. எலி வந்தா பயப்படாத. அதுவும் ரொம்ப நாளா இந்த ஊர்லதான் சுத்துது, உன்னை மாதிரியே ஒருத்தரையும் மனம் திருப்பல."

முதல் நாளே அவனைப் பாதிரியாரின் தங்கை வீட்டுக் கதவைத் தட்ட வைத்தான் டும்லாவ். யார் வீடு என்று சொல்லவில்லை. அவள் துணி அலசிய தண்ணீரை அப்படியே இவன் வெள்ளைச் சட்டையில் ஊற்றினாள். தெருமுனையில் டும்லாவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூன்று வேளையும் சோறும் கருவாடும். வயிறு பிய்த்துக்கொண்டு போயிற்று. கொல்லைப்புறக் கக்கூஸுக்கு வெளியே காவல் நின்ற டும்லாவ், உள்ளே கேட்டதையெல்லாம் மறுநாள் ஓப்பாய் கடையில் நடித்துக் காட்டினான். தோர்ன்லி போர்வையைக் கடித்துக்கொண்டு அழுதான். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் மட்டும், ஊர் அழகாக இருக்கிறது, மக்கள் அன்பானவர்கள் என்று எழுதினான்.

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தடித்த நோட்டு உண்டு. யாரைப் பார்த்தோம், யார் கதவைச் சாத்தினார்கள், யார் கனிந்திருக்கிறார்கள் என்று ஒரு எல்டர் எழுதி வைத்துப் போவான், அடுத்தவன் அதிலிருந்து தொடருவான். மழை விடாமல் பெய்த ஒரு நாள் தோர்ன்லி அதைப் புரட்டினான். முப்பத்தேழாம் பக்கத்தில், அவனுக்கு முன்னால் அங்கே இருந்த எல்டர் பாக்ஸ்டனின் கையெழுத்து.

"இலுமினாடா. லுமிங் என்பார்கள். வீட்டுக்காரர் தெரோய், மரமேறி. ஞாயிறு தவறாமல் வருகிறாள். பழுத்த பழம்." அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி: "அடுத்து வரும் எல்டருக்கு: கல்யாண விஷயத்தை விளக்கிச் சொல்லவும்."

"என்ன கல்யாண விஷயம்?"

டும்லாவ் கட்டிலில் மல்லாந்தபடியே சொன்னான். "லுமிங்குக்குப் பதினேழு வயசுல மாதா கோயில்ல கல்யாணம். மாப்பிள்ள பேரு க்ரிஸ்புலோ. ஒரு வருஷத்துல மனிலாவுக்கு ஓடிட்டான். அங்க ஜீப்னி ஓட்டுறான், வேற ஒருத்தி, நாலு பிள்ளைங்க. ஊருக்கே தெரியும். இந்த நாட்டுல விவாகரத்து கிடையாது. இவ தெரோயோட பதினெட்டு வருஷமா குடும்பம் நடத்துறா. கல்யாணம் ஆகாம சேர்ந்து இருக்கறவங்களுக்கு நம்ம சபையில ஞானஸ்நானம் உண்டா? இல்ல. ஒண்ணு கட்டிக்கணும், இல்ல விலகணும். கட்டிக்க வழியில்ல."

"இத பாக்ஸ்டன் ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

"ஆறு மாசம் அந்த வீட்ல சாப்பிட்டான். வாய் நிறைய சோத்த வச்சுக்கிட்டு எப்படிச் சொல்லுவான்?"

"கோழைப் பயல்," என்றான் தோர்ன்லி. நெஞ்சு நிமிர்ந்தது. வந்து இறங்கிய நாளிலிருந்து அன்றுதான் முதல்முறையாகத் தன்னை ஓர் ஆம்பிளை என்று நினைத்தான்.

லுமிங்கின் வீடு தென்னந்தோப்பை ஒட்டி. நாற்பதை நெருங்கும் மெலிந்த பெண். பேச்சு குறைவு. வீட்டில் ஒரு மகள், அவளுக்கு இளையவனாக ஒரு மகன். இவர்கள் வாசலில் தலை காட்டியதும் சோற்றுத் தட்டை எடுத்துவிடுவாள். அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அவளுடைய சின்னவள் மெலித்தா நாலு வயதில் அம்மை கண்டு போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். பாதிரியாரிடம் கேட்டாள், ஜெபம் செய் என்றார். பாக்ஸ்டனிடம் கேட்டாள், நல்ல கேள்வி என்றான்.

"செத்த பிள்ள எனக்குத் திரும்பக் கிடைக்குமா எல்டர்?" என்று தோர்ன்லியிடம் கேட்டாள்.

"கிடைக்கும் மனா," என்றான் அவன், கண் இமைக்காமல். "நீங்க முதல்ல ஞானஸ்நானம் எடுக்கணும். ஒரு வருஷம் கழிச்சு மனிலாவுல இருக்கிற நம்ம கோயிலுக்குப் போகலாம். உங்க மக இடத்துல வேற ஒரு பொம்பளப் பிள்ள வெள்ள கவுன் போட்டு மண்டி போடும். அந்தப் பிள்ள கையோட உங்க கைய வச்சு முத்திரை வைப்பாங்க. அதுக்கப்புறம் மெலித்தா என்னைக்கும் உங்க மகதான். சாவு வந்தாலும் பிரிக்க முடியாது. சத்தியம்."

பொய் சொல்லவில்லை பையன், நம்பித்தான் சொன்னான். அவன் ஊரில் அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா எல்லோருமே முத்திரை வாங்கிய குடும்பம். சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும் என்பதுபோல அவனுக்கு அது. யார் யாரோடு, எந்தச் சட்டப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

லுமிங் அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, பாக்ஸ்டன் விட்டுப்போனதைத் தோர்ன்லி சொன்னான். தெரோய் வீட்டை விட்டுப் போக வேண்டும்.

அந்த நேரம் பார்த்து தெரோய் உள்ளே வந்தான். அப்போதுதான் மரத்திலிருந்து இறங்கியிருந்தான். தோளில் கள்ளு நிரம்பிய மூங்கில் குழாய், இடுப்பில் அரிவாள், நெஞ்செல்லாம் மரப்பட்டைச் சிராய்ப்பு. மகள் அர்செலி, பதினாறு வயது, கேட்டதையெல்லாம் ஒப்பித்தாள். தெரோய் முதலில் சிரித்தான்.

"பதினெட்டு வருஷமா இவ பாவத்துக்கு சோறு பொங்கிப் போட்டிருக்கா பாரு! எனக்கே தெரியாமப் போச்சே." யாரும் சிரிக்கவில்லை. லுமிங்கைப் பார்த்தான். அவள் தலை தூக்கவில்லை. அவன் குழாயை மெதுவாகச் சுவரில் சாத்தினான்.

"ஆறு வருஷமா இவ விடிய விடிய முழிச்சுக் கிடக்கா, ஜோ. அந்தப் பிள்ளைய இவகிட்ட குடுத்துருவியா?"

"நான் குடுக்கல மனோ. கடவுள் குடுப்பார்."

"கடவுளுக்கும் எனக்கும் தனிக் கணக்கு. இப்ப உன்னத்தான் கேக்கறேன். குடுத்துருவியா?"

தோர்ன்லிக்கு அண்ணனின் ஒன்பது பேர் நினைவுக்கு வந்தார்கள்.

"குடுத்துருவேன்," என்றான்.

"யம்மா!" என்று அர்செலி கத்தினாள். "உயிரோட இருக்கிற அப்பாவத் தூக்கிக் குடுத்துட்டு செத்தவள வாங்கப் போறியா? அப்ப நான் எதுல சேத்தி? என் தம்பி எதுல சேத்தி?"

லுமிங் எழுந்து வந்து அவளை ஓங்கி ஓர் அறை விட்டாள். அந்த வீட்டில் அன்று வேறு பேச்சு இல்லை.

தெரோய் தன் பாயையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு தோப்பின் கோடியில் கொப்பரை காயப்போடும் கொட்டகைக்குப் போனான். முதல் நாலு நாள் லுமிங் இலையில் சோறு கட்டி எடுத்துப் போனாள். தோர்ன்லிக்குத் தெரிந்தது. "பாக்கறவங்க என்ன நினைப்பாங்க மனா? ஞானஸ்நானத்துக்கு முன்னாடி ஒரு நேர்காணல் இருக்கு, அதுல கேப்பாங்க. நீங்க போகாதீங்க, வேணும்னா மகளை அனுப்புங்க," என்றான். ஐந்தாம் நாள் அவள் போகவில்லை. அர்செலியும், நான் போகமாட்டேன், வேண்டுமானால் அந்த வெள்ளைப் பன்றியை அனுப்பு என்றுவிட்டாள். அன்றிலிருந்து தெரோய் ஓப்பாய் கடையில் கடனுக்குக் கருவாடு வாங்கிச் சுட்டுத் தின்றான்.

"அரசனை நம்பிப் புருஷனக் கைவிட்ட கதையால்ல இருக்கு!" என்று ஓப்பாய் தெருவுக்கே கேட்கச் சொன்னாள். "அதுவும் அரசன் யாருங்கறீங்க? சேத்துல ஷூவ விட்டவன்!"

பக்கத்து ஊரிலிருந்து மேல் எல்டர் ஒருவன் நேர்காணலுக்கு வந்தான். அவனுக்கு வயது இருபத்தொன்று. அந்த ஆள் வீட்டில் இருக்கிறானா என்று கேட்டான். இல்லை என்றாள் லுமிங். மனம் அங்கே இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை, அப்படி ஒரு கேள்வி அவன் தாளில் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை கடலில் ஞானஸ்நானம். தோர்ன்லி இடுப்பளவு தண்ணீரில் நின்று வலது கையை உயர்த்தி வார்த்தைகளைச் சொன்னான், அவளைப் பின்னால் சாய்த்து முக்கினான். கரையில் சாட்சி நின்ற டும்லாவ் கையை ஆட்டினான்.

"கால் விரல் வெளிய தெரிஞ்சுது எல்டர். மறுபடியும்!"

உடம்பு மொத்தமும் முழுகினால்தான் செல்லும். ஒரு விரல் மிஞ்சினாலும் செல்லாது. லுமிங் இருமிக்கொண்டே எழுந்தாள். மூக்கில் உப்புத் தண்ணீர், கண் சிவந்துவிட்டது. இரண்டாம் முறை அவன் அவள் பாதத்தின் மேல் தன் காலை வைத்து அழுத்திக்கொண்டு முக்கினான். செல்லுபடியாயிற்று. கரையோரத் தென்னை ஒன்றின் உச்சியில் ஒரு மரமேறி வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அது யார் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

தோர்ன்லிக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று மாலையே அப்பாவுக்கு எழுதினான். சாமார், லேத்தே தீவுகளின் ஊழியத் தலைவருக்கும் வாராந்தரக் கடிதத்தில் எழுதினான். மெலித்தாவைப் பற்றியும், தான் அந்தத் தாய்க்குக் கொடுத்த வாக்கைப் பற்றியும் இரண்டு பக்கம். டும்லாவ்கூட அன்று கட்டிலை விட்டுக்கொடுத்தான். ஊர் இப்போது பழகிவிட்டது. சேற்றில் எங்கே கால் வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. கருவாடு இறங்கியது. இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போயிற்று என்று அவன் கடிதத்தில் எழுதியபோது அது பொய்யாக இல்லை.

மூன்று வாரம் கழித்து தெரோய் தெற்கே மிந்தனாவோ தீவுக்குப் போகும் படகில் ஏறினான். அரிவாளைத் தவிர கையில் ஒன்றும் இல்லை. படகுத்துறையில் தற்செயலாக டும்லாவும் தோர்ன்லியும் எதிர்ப்பட்டார்கள்.

"எங்க மனோ?" என்றான் டும்லாவ்.

"இங்க எந்த மரத்துல ஏறினாலும் வீட்டு அடுப்படி தெரியுது. அடுப்படி தெரியாத ஊரா பாத்து ஏறணும்." தோர்ன்லியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். "அவ இப்பல்லாம் தூங்குறாளாம், அர்செலி சொன்னா. நல்லா இரு, ஜோ."

அவன் மெய்யாகவே வாழ்த்தினான். அதுதான் கொடுமை.

படகு போன பத்தாம் நாள் தந்தியும் கடிதமும் ஒன்றாக வந்தன. தந்தியில் மாற்றல் உத்தரவு: தோர்ன்லி மறுநாள் பதினொரு மணி ஜீப்னியில் வேறு ஊருக்குக் கிளம்ப வேண்டும். கடிதம் ஊழியத் தலைவருடையது. முதல் பாதியில் பாராட்டு. பிறகு இப்படி:

"நீங்கள் கொடுத்த வாக்கைப் படித்துக் கவலைப்பட்டேன். இறந்த குழந்தையைத் தாயோடு மட்டும் முத்திரையிட இயலாது. தகப்பனும் தாயும் கணவன் மனைவியாக முத்திரை பெற்றால்தான் பிள்ளையும் அவர்களோடு சேரும். இந்தச் சகோதரி சட்டப்படி இன்னும் வேறொருவரின் மனைவி. அவர் உயிரோடு இருக்கும்வரை குழந்தையின் தகப்பனோடு முத்திரைக்கு வழியில்லை. ஊரை விட்டுக் கிளம்புமுன் நீங்களே நேரில், அன்போடு, சொல்லிவிடுங்கள்."

தோர்ன்லி மூன்று முறை படித்தான். பிறகு டும்லாவிடம் நீட்டினான்.

"உனக்கு இது தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் சபைக்கு வந்தே மூணு வருஷம். நீதான் பிறவி மார்மன். நீ சத்தியம்னு சொன்ன. நான் தலையாட்டினேன்." டும்லாவ் கடிதத்தை மறுபடி பார்த்தான், மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தான். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை. "ஒண்ணு யோசிச்சுப் பாத்தியா எல்டர்? அவங்க ரெண்டு பேரும் அவங்க பாட்டுக்கு சேர்ந்தே இருந்து, கள்ளு வித்து, கிழடு தட்டி, சேர்ந்தே செத்திருந்தா? பின்னால பேரன் பேத்தி எவனாவது நம்ம சபையில சேர்ந்து, அவங்க பேர்ல ஞானஸ்நானம், முத்திரை எல்லாத்தையும் செஞ்சிருக்கலாம். செத்தவங்களுக்குத்தான் நம்மகிட்ட எல்லாக் கதவும் திறந்திருக்கே! உயிரோட இருந்ததுதான் அவங்க செஞ்ச தப்பு."

"வாய மூடு."

"மூடிக்கறேன். நான் இங்கதான் இருக்கப் போறேன், ஆனா நான் சொல்ல மாட்டேன். உன் வாய் குடுத்த வாக்கு. உன் வாயே போய் எடுக்கட்டும்."

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தோர்ன்லி கிளம்பினான். விதி விதிதானே, டும்லாவ் பத்தடி பின்னால் வந்தான். வேலி வரைக்கும் போனார்கள். உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. மிதித்து நிறுத்தி, மிதித்து நிறுத்தி, இடையில் லுமிங் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அந்தப் பெண் பாடி அவன் கேட்டதே இல்லை. தோர்ன்லி வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பயமாக இருந்தது. வெட்கமும்தான், ஆனால் பயம்தான் பெரியது.

"வயிறு சரியில்ல," என்று திரும்பினான்.

"தெரியும்," என்றான் டும்லாவ்.

அறைக்கு வந்து பெட்டியைக் கட்டினான். நோட்டை எடுத்து முப்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தான். பாக்ஸ்டனின் வரிக்குக் கீழே தன் எழுத்தில், "ஞானஸ்நானம் பெற்றார்" என்று தேதி போட்டு எழுதினான். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தான். பிறகு அடியில், பொடி எழுத்தில்: "அடுத்து வரும் எல்டருக்கு: கோயில் விஷயத்தை விளக்கிச் சொல்லவும்."

டும்லாவ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

பதினொரு மணிக்கு ஓப்பாய் கடை வாசலில் ஜீப்னி நின்றது. தோர்ன்லி சேற்றைச் சரியாகத் தாண்டி ஏறி உட்கார்ந்தான். கிளம்பப் போகும் நேரத்தில் லுமிங் ஓட்டமும் நடையுமாக வந்தாள். மூச்சு வாங்கியது. இலையில் சுற்றிய அரிசிப் பலகாரத்தை ஜன்னல் வழியாக அவன் மடியில் வைத்தாள். கக்கத்தில் வெள்ளைத் துணி ஒரு சுருட்டு.

"சொல்லாமப் போறீங்களே எல்டர்! ஓப்பாய் சொல்லித்தான் தெரியும்." முகம் தெளிந்திருந்தது, கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தாள். "ஒரே ஒரு சந்தேகம். கோயில்ல மெலித்தா இடத்துல மண்டி போடுமே ஒரு பிள்ள, அதுக்கு நானே கவுன் தைக்கறேன். என் கையால தைச்சது இருக்கட்டும். ஆனா அளவு தெரியல. போனப்ப இருந்த அளவா, நாலு வயசு? இல்ல இருந்திருந்தா இந்நேரம் பத்து ஆகியிருக்கும், அந்த அளவா?"

டும்லாவ் ஜீப்னியின் பின்படியில் சாய்ந்து நின்று தோர்ன்லியையே பார்த்தான். ஓட்டுநர் ஹார்ன் அடித்தான்.

"மனா..." என்றான் தோர்ன்லி.

"சொல்லுங்க எல்டர்."

அவள் காத்திருந்தாள். வண்டி உறுமியது.

"நாலு வயசு," என்றான். "நாலு வயசு அளவே தைங்க."

லுமிங்கின் முகம் மலர்ந்தது. "நானும் அதத்தான் நினைச்சேன்," என்றபடி நகரத் தொடங்கிய வண்டியோடு கூடவே நடந்தாள். இரண்டு கையையும் காற்றில் நீட்டி, அங்கே ஒரு பிள்ளை நிற்பதுபோலத் தோளிலிருந்து முழங்கால் வரை சாண் போட்டு அளந்து காட்டினாள்.

"மூணு சாண் போதுமா எல்டர்?"

"போதும் மனா," என்றான் அவன்.